ஐஸ் கம்பெனிக்குப் பெரிய கம்ப்ரசர் ஒன்றா, சிறியது இரண்டா?

மண்டபத்து ஐஸ்காரன்:
அப்பா காலத்து ஐஸ் கம்பெனி. இருக்கும் ஒரே கம்ப்ரசரை மெக்கானிக் கைகழுவிவிட்டார். பெரியதாக ஒன்று போட்டால் ஒரு பாருக்கு, அதாவது ஒரு ஐஸ் கட்டிக்கு, ஆகும் செலவு குறையும் என்கிறார் விற்பவர். ஆண்டு முழுவதும் ஓடினால் அவர் கணக்கு சரிதான். இங்கே எங்கே ஓடுகிறது? விசைப்படகு வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். மற்ற நாள்களில் நாட்டுப்படகுக்காரர்கள் வந்து பத்து பார், பதினைந்து பார் கேட்பார்கள். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் இல்லை. போன நவம்பரில் தொட்டி நிறைய உறைந்த பார்களை எடுக்க ஆளில்லாமல், ஐந்து நாள் அவற்றைக் காவல் காத்து மின்கட்டணம் கட்டினேன். இரண்டு வாங்கினால் விலை கூடுகிறது. என்ன செய்யலாம்?

பழைய ஃபிட்டர், தொண்டி:
தம்பி, இரண்டு வாங்குங்கள். ஆனால் தொட்டி ஒன்றாகவே இருந்தால் அந்தப் பணம் வீண். பத்து பாருக்காகவும், கேன்கள் நிற்கும் தொட்டியின் உப்புநீர் முழுவதையும் குளிர வைக்க வேண்டியிருக்கும். நடுவில் குளிர் கடத்தாத தடுப்பு வைத்து, இரு பக்கமும் உப்புநீரைக் குளிர வைக்கும் குழாய்ச் சுருளை (காயில்) தனித்தனியாகப் போடுங்கள்.

இன்னொன்று, சிறிய பக்கத்தில் மெல்லிய கேன்களை (தண்ணீர் ஊற்றி உறைய வைக்கும் அச்சுகளை) இறக்குங்கள். பாரின் தடிமன் பாதியானால் உறையும் நேரம் ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிவிடும். தடித்த பார் என்றால் படகு போகுமா என்று முதல் நாளே சூதாட வேண்டும். மெல்லியது என்றால் வானிலை அறிக்கையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் நிரப்பலாம். சீக்கிரம் கரையும்தான். படகில் எப்படியும் உடைத்துத்தானே கொட்டுகிறார்கள்?

பாம்பன் பாலத்தடி:
தடைக்காலத்தில் சர்பத் கடைகளுக்குக் குழாய் வடிவ ஐஸ் போடலாமே?

பழைய ஃபிட்டர், தொண்டி:
குடிக்கிற தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் ஊரிலா? மீன் ஐஸ் ஓடிய கேனில் அதைச் செய்யவும் கூடாது. தனி இயந்திரம், தனித் தண்ணீர். இரண்டு மாத வியாபாரத்துக்கு அது தாங்காது.

மண்டபத்து ஐஸ்காரன்:
தொட்டியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை அண்ணன். கம்ப்ரசரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். தடைக்காலம் தொடங்கியதும் தொட்டியைக் காலி செய்து தடுப்பு வைக்கிறேன். ஒரு சிக்கல், அந்த இரண்டு மாதமும் இங்குள்ள வெல்டர்கள் எல்லாரும் படகு மராமத்துக்குப் போய்விடுவார்கள். தொண்டிப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இப்போதே முன்பணம் தந்துவிடுகிறேன்.