குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை: அமெரி பேசிய இரவு

லண்டன் அக்கா, மாலை 6:10
பெரியப்பா, இன்று காலை பார்லிமென்டுக்குள்ளே சுற்றிப் பார்த்துவிட்டு வந்தோம். காமன்ஸ் சபைக்குள் நுழைகிற இடத்தில் ஒரு கல் வளைவு இருக்கிறது. முனையெல்லாம் உடைந்து, குழி விழுந்து கிடக்கிறது. 1941 மே 10 ராத்திரி ஜெர்மன் குண்டு விழுந்து சபை எரிந்து போனதாம். திரும்பக் கட்டும்போது, இந்த வாசலை மட்டும் அந்த உடைந்த கல்லை வைத்தே கட்டச் சொன்னாராம் சர்ச்சில். அங்கே படம் எடுக்கக் கூடாது என்றார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

பெரியப்பா, 6:24
ரொம்ப சந்தோஷம் அம்மா. அந்தத் தேதியைக் கவனித்தாயா? சர்ச்சில் பிரதமராகி அன்றோடு சரியாக ஒரு வருஷம். அவர் பிரதமரானதற்கே அதே சபையில் நடந்த இரண்டு நாள் விவாதம்தான் காரணம். லியோ அமெரி பற்றி யாராவது சொன்னார்களா?

லண்டன் அக்கா, 6:26
இல்லையே. யார் அவர்?

பெரியப்பா, 6:41
பர்மிங்ஹாமின் ஸ்பார்க்புரூக் தொகுதி உறுப்பினர். ஊறிய கன்சர்வேடிவ், சாம்ராஜ்யம் என்றால் உயிரை விடுவார். பிறந்தது நம் கோரக்பூரில், 1873-இல். அப்பா வனத்துறையில் வேலை பார்த்தவர். பிரதமர் சேம்பர்லினும் பர்மிங்ஹாம்காரர்தான். 1920-களில் இரண்டு பேரும் ஒரே அமைச்சரவையில் இருந்தவர்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

தம்பி, 6:43
சொல்லுங்கள் பெரியப்பா

சித்தி, 6:44
குக்கரை இறக்கிவிட்டு வருகிறேன். அதற்குள் முடித்துவிடாதீர்கள்.

பெரியப்பா, 7:02
1939 செப்டம்பர் 1, ஹிட்லர் போலந்துக்குள் புகுந்துவிட்டான். மறுநாள் சாயங்காலம் சேம்பர்லின் சபைக்கு வந்து, கெடு எதுவும் சொல்லாமல் இழுத்தடித்துப் பேசி உட்கார்ந்தார். அடுத்து எழுந்தவர் எதிர்க்கட்சியான லேபர் கட்சியின் ஆர்தர் கிரீன்வுட். அப்போது அரசு தரப்பு பெஞ்சிலிருந்து அமெரி குரல் கொடுத்தார்: "இங்கிலாந்துக்காகப் பேசுங்கள், ஆர்தர்!" சொந்தக் கட்சிப் பிரதமர் பேசி முடித்த கையோடு எதிர்க்கட்சிக்காரரைப் பார்த்துச் சொன்னது இது. மறுநாளே பிரிட்டன் போரில் இறங்கியது.

பெரியப்பா, 7:15
அடுத்தது 1940. ஏப்ரல் 9-ஆம் தேதி ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது. அதற்குச் சில நாள் முன்னால்தான் ஹிட்லர் பஸ்ஸைத் தவற விட்டுவிட்டான், அதாவது வாய்ப்பை இழந்துவிட்டான் என்று சேம்பர்லின் பேசியிருந்தார். பிரிட்டிஷ் படை போய் இறங்கியது, மே மாதத் தொடக்கத்தில் நடு நார்வேயை விட்டுத் திரும்பியது. மே 7, 8 இரண்டு நாளும் சபையில் இதே பேச்சு. தீர்மானம் என்று பார்த்தால் வெறும் ஒத்திவைப்புத் தீர்மானம், விடுமுறைக்குக் கலைவதற்கு வழக்கமாகக் கொண்டுவருவது.

முதல் நாள் அமெரியைப் பேசக் கூப்பிடும்போது ராத்திரி எட்டு மணி தாண்டிவிட்டது. சாப்பாட்டு நேரம், சபையில் ஆள் குறைவு. கிளமென்ட் டேவிஸ் என்ற உறுப்பினர், இந்தப் பேச்சு வீணாகக் கூடாது என்று வெளியே போய் ஒவ்வொருவராக உள்ளே கூட்டி வந்தார். அமெரி பேசப் பேச பெஞ்சுகள் நிறைந்தன. கடைசியில், 1653-இல் பார்லிமென்டைக் கலைத்த தளபதி கிராம்வெல் அன்றைய உறுப்பினர்களைப் பார்த்துச் சொன்னதை எடுத்தார். "நீங்கள் செய்த நன்மைக்கு இங்கே இவ்வளவு நாள் உட்கார்ந்திருந்ததே அதிகம். புறப்படுங்கள், உங்கள் சங்காத்தமே வேண்டாம். கடவுள் பேரால் சொல்கிறேன், போய்விடுங்கள்!"

முன்கூட்டியே தேடி எடுத்து வைத்திருந்த வரிகள்தான். ஆனால் சொல்வதா வேண்டாமா என்று எழுந்து நிற்கும்வரை அவர் முடிவு செய்யவில்லை. சபை தன் கூடவே வருகிறது என்று தெரிந்த பிறகுதான் சொன்னார். எனக்கு அந்த இடம்தான் பெரிதாகப் படுகிறது. கோபத்தில் வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. பழைய சகாவை நாற்காலியிலிருந்து இறக்க வேண்டும் என்று தெரிந்தே சொன்னது.

லண்டன் அக்கா, 7:21
படிக்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது பெரியப்பா. ஓட்டெடுப்பு நடந்ததா?

பெரியப்பா, 7:26
மறுநாள் லேபர் கட்சி ஓட்டெடுப்பு கேட்டது. எனக்குச் சபையில் நண்பர்கள் இருக்கிறார்கள் என்றார் சேம்பர்லின். அரசுக்கு 281, எதிராக 200. ஜெயித்தது அரசுதான். ஆனால் 200-க்கு மேல் இருக்க வேண்டிய வித்தியாசம் 81-க்கு வந்துவிட்டது. அவர் பக்கத்து ஆட்களிலேயே ஏறக்குறைய 40 பேர் எதிராகப் போட்டார்கள், இன்னும் பலர் போடவே இல்லை. மே 10 சேம்பர்லின் விலகினார், சர்ச்சில் பிரதமரானார். இத்தனைக்கும் கடற்படை மந்திரியாக நார்வே சண்டையில் முக்கியப் பொறுப்பு சர்ச்சிலுடையது. அரசுக்காகக் கடைசியில் எழுந்து பதில் சொன்னவரும் அவர்தான்.

தம்பி, 7:30
நம் ஊரில் இது நடக்காது பெரியப்பா. இந்த செமஸ்டரில்தான் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை, அதுதான் கட்சித் தாவல் தடைச் சட்டம், படிக்கிறோம். 1985-இல் 52-ஆவது திருத்தத்தில் வந்தது. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியே போய்விடும். அந்த 40 பேரும் இங்கே இருந்திருந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பெரியப்பா, 7:33
உறுப்பினர்களை விலைக்கு வாங்குவதைத் தடுக்க வந்த சட்டம்தான் தம்பி, அதற்குத் தேவையும் இருந்தது. ஆனால் அதோடு சேர்ந்து சொந்தக் கட்சியை எதிர்த்து ஓட்டுப் போடும் இந்த வழியும் போய்விட்டது. எனக்கு அது வருத்தம்தான்.

சித்தி, 7:58
வந்துவிட்டேன். எல்லாம் படித்தேன். அத்தான், ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1943-இல் வங்கத்தில் பஞ்சம் வந்து லட்சம் லட்சமாகச் செத்தார்களே, அப்போது லண்டனில் இந்தியாவுக்கான மந்திரி இந்த அமெரிதானே?

பெரியப்பா, 8:05
அவரேதான். 1940 மே முதல் 1945 வரை.

சித்தி, 8:09
அப்போது அந்த வாய் எங்கே போயிற்று? "போய்விடுங்கள்" என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதானே?

ஆச்சி பக்கத்தில்தான் இருக்கிறார். கேட்டேன். பர்மா அரிசி நின்றுபோன வருஷம் நினைவிருக்கிறது என்கிறார். கார்டுக்கு அரிசியைக் குறைத்துக் கோதுமை கொடுத்தார்களாம். அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஆச்சியின் அம்மா உரலில் இடித்துக் கஞ்சி காய்ச்சினாராம். பிள்ளைகள் தொண்டையில் இறங்கவில்லையாம். நமக்கே அப்படி என்றால் வங்காளத்தை நினைத்துப் பாருங்கள்.

பெரியப்பா, 8:31
நீ கேட்பது நியாயம் அம்மா. அவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1943 ஆகஸ்டில் இந்தியாவுக்கு 5 லட்சம் டன் தானியம் வேண்டும் என்று போர்க்கால அமைச்சரவையில் கேட்டார். அதில் ஒரு சிறு பங்குக்குத்தான் ஒப்புக்கொண்டார்கள், கப்பல் இல்லை என்றார்கள். 1944-இல் இந்தியாவைப் பற்றி சர்ச்சில் பேசியதைக் கேட்டு, உங்கள் பார்வைக்கும் ஹிட்லர் பார்வைக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதாகத் தன் டைரியில் எழுதியிருக்கிறார்.

ஆனால் சபையில் எழுந்தால் வேறு ஆள். பர்மா ஜப்பான் கைக்குப் போனது, விளைச்சல் குறைந்தது, பதுக்கல், மாகாண அரசின் பொறுப்பு என்று அரசுக்காகவே வாதாடினார். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தபோது இருந்த நாக்கு மந்திரி நாற்காலியில் இல்லை. ராஜினாமாவும் செய்யவில்லை. வகுப்பில் 1940 பேச்சை எத்தனையோ முறை உணர்ச்சியோடு சொல்லியிருக்கிறேன். 1943-ஐ அதே மணியில் சேர்த்துச் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சித்தி, 8:36
டைரியில் எழுதியது பட்டினி கிடந்தவனுக்குக் கேட்குமா அத்தான்? சபையில் சொல்லியிருந்தால் ஊருக்குக் கேட்டிருக்கும்.

பெரியப்பா, 8:38
கேட்டிருக்கும். ஆமாம்.

தம்பி, 8:44
1945 தேர்தலில் தோற்றாரா பெரியப்பா?

பெரியப்பா, 8:47
தோற்றார், லேபர் அலை. அந்தத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர்களில் ரஜனி பாமே தத்தும் ஒருவர். பிரிட்டிஷ் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர்களில் ஒருவர், அப்பா வங்காளி. ஸ்பார்க்புரூக் மேடைகளில் இந்தியாவைப் பேசாமல் இருந்திருப்பாரா.

லண்டன் அக்கா, 9:35
சபைப் பேச்செல்லாம் ஹன்சார்ட் என்கிற பார்லிமென்ட் பதிவேட்டில் இருக்கிறது, இலவசம். 1943 நவம்பரில் இந்தியாவின் உணவு நிலைமை பற்றி நடந்த விவாதத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். நீளமாக இருக்கிறது. நாளை சாயங்காலம் ஆச்சிக்கு போனில் தமிழில் சொல்கிறேன்.

சித்தி, 9:38
ஆறு மணிக்கு மேல் கூப்பிடு, விளக்கேற்றிவிட்டு உட்கார்வார். ஸ்பீக்கரில் போடுகிறேன். அத்தான், நீங்களும் இங்கே வந்துவிடுங்கள்.

பெரியப்பா, 9:40
வருகிறேன். 1940 மே 7-ஐயும் எடுத்து வை அம்மா, இரண்டையும் கேட்போம்.