டெபியன் பேக்கேஜிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் கவனிக்க ஆளில்லாமல் கிடந்த ஒரு சின்ன வெப் சர்வர் பேக்கேஜை (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளை) நான் எடுத்துக்கொண்டேன். கோப்புகளை அப்படியே எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை, ஆனால் ராஸ்பெர்ரி பை மாதிரி குறைந்த மெமரியில் ஓட்டுபவர்களுக்கு அதுவே போதும், அதனால் இதைக் கைவிட மனசில்லை.

சிக்கல் இதுதான். ஏற்கெனவே அப்பாச்சி என்ற இன்னொரு வெப் சர்வர் ஓடும் கணினியில் இதை நிறுவினால், வெப் சர்வர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் 80ஆம் போர்ட் (நெட்வொர்க் வாசல் எண்) காலியாக இருக்காது, சர்வர் கிளம்பாது. அதுகூடப் பரவாயில்லை. பேக்கேஜில் சர்வரைத் தொடங்கவும் நிறுத்தவும் பழைய இனிட் ஸ்கிரிப்ட் மட்டும்தான் இருந்தது. அதற்காக, பேக்கேஜ் கட்ட உதவும் டெப்ஹெல்பர் என்ற கருவி, நிறுவலின் கடைசியில் ஓடும் போஸ்ட்இன்ஸ்ட் ஸ்கிரிப்டில் சேர்க்கும் வரி, சர்வீஸ் கிளம்பாவிட்டால் 'எக்ஸிட் 1' என்று, அதாவது தோல்வி என்று முடிகிறது. உடனே பேக்கேஜ் அரைகுறையாக நின்றுவிடுகிறது, அப்புறம் ஆப்ட் (டெபியனின் நிறுவல் கருவி) வைத்து வேறு எதை நிறுவப் போனாலும் இதே பிழைதான் திரும்பத் திரும்ப வருகிறது. பயன்படுத்துபவருக்கு இது பெரிய தொல்லை.

சரி, இப்போது சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்கான யூனிட் கோப்பு ஒன்று எழுதிவிட்டேன், பேக்கேஜில் பிழை தேடும் லிண்டியன் கருவியும் அது இல்லை என்றுதான் எச்சரித்துக்கொண்டிருந்தது. யூனிட்டுக்காகச் சேரும் வரி தோல்வியைப் பொருட்படுத்தாது, நிறுவல் உடையாது. ஆனால் சிஸ்டம்டி இல்லாமல், இனிட் ஸ்கிரிப்ட்களை வைத்தே இயங்கும் பழைய சிஸ்வி இனிட்டில் ஓட்டுபவர்களுக்கு என்ன செய்வது? என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் பேக்கேஜ் செய்வதுபோல 80ஆம் போர்ட்டை முதலில் பார்த்து, வேறு ஏதாவது பிடித்திருந்தால் தொடங்காமல் விடலாமா, இல்லை அந்த 'எக்ஸிட் 1' வரியைச் சேர்க்கும் டெப்ஹெல்பர் கட்டளையான டிஎச்_இன்ஸ்டால்இனிட்டுக்கு எர்ரர் ஹேண்ட்லர் (தோற்றால் என்ன செய்வது என்று சொல்லும் பகுதி) கொடுத்தாலே போதுமா? இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சிஸ்வி இனிட்டில் டெபியன் 13 வைத்திருப்பவர் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், பேக்கேஜின் டெப் கோப்பை அனுப்புகிறேன். அப்பாச்சி ஓடும்போதே நிறுவி, திரையில் வருவதை அப்படியே ஒட்டினால் போதும்.