தள்ளுவண்டிக் கணக்கு: பலகை நீளத்தால் பெருக்குவதா, உயரத்தால் பெருக்குவதா?

சிப்புட்_லயம்:
ஃபார்ம் 4 (மலேசிய இடைநிலைப் பள்ளியின் நான்காம் ஆண்டு) பிள்ளைகளுக்கு ஒரு தோட்டத்துக் கணக்கு. சுங்கை சிப்புட் பிள்ளைகளிடம் "பெட்டி, சாய்தளம்" என்றால் ஏறாது, செம்பனைக் குலையும் டிரெய்லரும் என்றால் ஏறும். கிரேத்தா சோரோங் (ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி) 20 கிலோ. அதில் 20 கிலோ செம்பனைக் குலை ஐந்து. மொத்தம் 120 கிலோ. டிரெய்லர் தளம் தரையிலிருந்து 0.9 மீட்டர், சாய்த்து வைத்த பலகை 3 மீட்டர். வண்டியைப் பலகை வழியே டிரெய்லரில் ஏற்ற எவ்வளவு வேலை?

ஒரு பையன் 120 × 9.81 × 3 என்று போட்டு 3,532 ஜூல் என்கிறான். இன்னொருத்தி 0.9-ஆல் பெருக்கி 1,059 என்கிறாள். யார் சரி? அடுத்தது, சமதரையில் 150 மீட்டர் தள்ளினால் வேலை சுழி என்று எல்லாருமே எழுதுகிறார்கள். அப்படியானால் சட்டை ஏன் நனைகிறது? கடைசியாக, மெதுவாகத் தள்ளினால் வேலை குறையுமா?

சாய்தளம்:
அந்தப் பெண் சொன்னதுதான் சரி, ஆனால் அது ஈர்ப்பு விசைக்கு எதிரான வேலை மட்டும். எடை கீழ்நோக்கி இழுக்கிறது, வண்டி பலகை வழியே நகர்கிறது. இரண்டும் ஒரே கோட்டில் இல்லை. விசையை எடுத்தால் அதே திசையில் நகர்ந்த தூரத்தை எடுக்க வேண்டும். பையன் விசையை நட்டுக்குத்தாகவும் தூரத்தைச் சாய்வாகவும் எடுத்துவிட்டான்.

பலகை வழியே போவதென்றால் விசையையும் பலகை வழியே எடுக்கட்டும். 0.9-ஐ 3-ஆல் வகுத்தால் 0.3. எடை 1,177 நியூட்டன், அதில் 0.3 பங்கு 353 நியூட்டன். அதை 3 மீட்டரால் பெருக்கினால் மறுபடியும் 1,059 ஜூல். பலகை வேலையைக் குறைக்கவில்லை, விசையைத்தான் குறைக்கிறது. 1,177 நியூட்டன் ஒரு ஆளால் தூக்க முடியாத பாரம், 353 தள்ளிவிடலாம்.

உண்மையில் உராய்வும் சேரும். அளந்து பார்க்க மீன் நிறுக்கிற டிஜிட்டல் தொங்கு தராசு போதும். முழுப் பாரத்தோடு வேண்டாம், பலகை நழுவினால் கால் போய்விடும். இரண்டு குலை மட்டும் வையுங்கள், வண்டியோடு 60 கிலோ. முன்பக்கம் கயிறு கட்டி, நடுவில் தராசை மாட்டி, பலகைக்கு இணையாக இழுக்க வேண்டும். பின்னால் ஒருவர் பிடியைப் பலகைக்குச் செங்குத்தாகத் தூக்கிப் பிடித்தால் போதும், தள்ளவே கூடாது. தள்ளினால் தராசு குறைத்துக் காட்டும். வண்டி நகர ஆரம்பிக்கும்போது எண் குபீரென்று ஏறும், அதை எழுதாதீர்கள். ஒரே வேகத்தில் போகும்போது நிற்கிற எண்தான் வேண்டும்.

தராசு 22 கிலோ காட்டினால் 216 நியூட்டன். 3 மீட்டருக்கு 647 ஜூல். உயரத்துக்கான வேலை 60 × 9.81 × 0.9 = 530 ஜூல். மிச்சம் 117 ஜூல் டயரிலும் அச்சிலும் பலகையிலும் வெப்பமாகப் போனது. செயல்திறன் 82 விழுக்காடு.

இன்னொன்று: தள்ளுகிற ஆளும் 0.9 மீட்டர் ஏறுகிறார். 65 கிலோ ஆளானால் அதற்கே 574 ஜூல். "வண்டியின் மீது செய்த வேலை" என்று கேள்வியில் தெளிவாக எழுதாவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை இதையும் கூட்டிவிடும். அது பிள்ளையின் தப்பு இல்லை.

மண்பாதை:
இரண்டாவது கேள்விக்கு. "சமதரை என்றால் சுழி" என்பதை மந்திரம் மாதிரி ஓதுவதால் வந்த வினை இது. குலையைத் தலையில் வைத்துச் சமதரையில் நடந்தால், தலை கொடுக்கும் விசை மேல்நோக்கி, நகர்வது பக்கவாட்டில். அங்கே குலையின் மீது வேலை சுழி. வண்டியைத் தள்ளும்போது விசை முன்னோக்கி, நகர்வும் முன்னோக்கி. சுழி எப்படி வரும்? ஈர மண்ணில் தள்ள 60 நியூட்டன் வேண்டியிருந்தால், 150 மீட்டருக்கு 9,000 ஜூல். டிரெய்லரில் ஏற்றிய வேலையைப் போல எட்டு மடங்குக்கு மேல்! டயரில் காற்று இறங்கியிருந்தால் இன்னும் கூடும், ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் நசுங்கி நிமிர்ந்து சூடாகிறது. குலையின் மீது ஈர்ப்பு விசை செய்த வேலை மட்டும்தான் சுழி.

தலையில் சுமப்பவர் ஏன் களைக்கிறார் என்றால், தசை பூட்டு மாதிரி சும்மா பிடித்து நிற்பதில்லை. இழைகள் மாறி மாறிச் சுருங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அதற்கு உணவுச் சக்தி எரிந்து வெப்பமாகிறது. குலைக்கு ஒன்றும் சேரவில்லை, உடம்புக்குச் செலவு உண்டு.

கிளாந்தான்_ரோடு:
மூன்றாவதற்கு ஆமாம், மெதுவாகப் போனால் வேலை குறையும். அதனால்தான் பெரியவர்கள் நிதானமாகத் தள்ளுகிறார்கள்.

சாய்தளம்:
இல்லை அண்ணே. 6 விநாடியில் ஏற்றினாலும் 12 விநாடியில் ஏற்றினாலும் அதே 1,059 ஜூல்தான். திறன்தான் (ஒரு விநாடிக்குச் செய்யும் வேலை) 177 வாட்டிலிருந்து 88 வாட்டாகப் பாதியாகிறது. பெரியவர்களுக்கு இதமாக இருப்பது அதனால். வேகத்துக்காகச் செலவாகும் சக்தி கொஞ்சம் உண்டு: 120 கிலோ வண்டி விநாடிக்கு 1 மீட்டர் வேகம் பிடிக்க 60 ஜூல், அரை மீட்டர் வேகம் என்றால் 15 ஜூல். நீங்கள் சொல்வதில் அந்த அளவுதான் உண்மை.

சொற்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் "சக்தி" என்று படித்தது இடைநிலைப் பள்ளியில் மலாயில் "தெனாகா" ஆகிறது. "குவாசா" வந்தால் வீட்டில் அதையும் சக்தி என்றே சொல்லிவிடுகிறோம். போதாக்குறைக்குக் கணக்குப் பாடத்தில் "குவாசா டுவா" என்றால் வர்க்கம். குவாசாவுக்குத் திறன் என்று பிடித்துக்கொண்டால் தப்பாது. குதிரைத்திறன் என்ற சொல்லிலேயே அது இருக்கிறது.

பம்பு_வயர்மேன்:
திறனுக்குப் பலகையை விட வீட்டுத் தண்ணீர்ப் பம்பு நல்ல கணக்கு. 400 கேலன் தொட்டி, ஏறத்தாழ 1,818 லிட்டர். 8 மீட்டர் ஏற்ற 1,818 × 9.81 × 8, அதாவது சுமார் 1,42,700 ஜூல். அரைக் குதிரைத்திறன் பம்பில் 370 வாட் என்று போட்டிருக்கும். வகுத்தால் ஆறரை நிமிடம் கூட வராது. நேரில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும்! தொட்டியில் நிமிடத்துக்கு 25 லிட்டர் விழுகிறதென்றால் 73 நிமிடம். தண்ணீர் பெறும் திறன் 33 வாட்தான், 370-இல் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

தகட்டில் உயரம் 35 மீட்டர், அளவு நிமிடத்துக்கு 35 லிட்டர் என்று இரண்டு உச்ச எண் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பெருக்கிவிடாதீர்கள். 35 மீட்டர் உயரத்தில் தண்ணீரே வராது. 35 லிட்டர் வரும்போது உயரம் சுழி. இரண்டு முனையிலும் பயன்படு திறன் சுழி, நடுவில்தான் ஏதாவது கிடைக்கும்.

பில்லில் வரும் யூனிட் கிலோவாட்-மணி. அது திறன் இல்லை, சக்தி: 36 லட்சம் ஜூல். 20 கிலோ குலையை 0.9 மீட்டர் தூக்க 177 ஜூல். ஒரு யூனிட் கரண்டில் ஏறத்தாழ 20,000 குலையைத் தூக்கலாம், வீணாகாமல் இருந்தால்.

சிப்புட்_லயம்:
பலகை விஷயம் தெளிந்தது. தராசுச் சோதனையில் ஒரு சந்தேகம். டிரெய்லரில் நின்று இழுத்தால் கயிறு பலகைக்கு இணையாக வராது, 30 டிகிரி மேலே நிற்கும். தராசு 24 கிலோ காட்டினால் அப்படியே போடலாமா?

சாய்தளம்:
கூடாது. 24 கிலோ என்றால் 235 நியூட்டன், பலகை வழியே அதில் 0.87 பங்குதான், 204 நியூட்டன். மற்ற பகுதி, 118 நியூட்டன், சக்கரத்தைப் பலகையிலிருந்து தூக்கப் பார்க்கும். அதனால் உராய்வும் குறைந்து, செயல்திறன் கூடுதலாகத் தெரியும். நின்று இழுக்காமல் டிரெய்லர் தளத்தில் உட்கார்ந்து, கயிற்றைத் தாழ்வாகப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கயிறு டிரெய்லர் விளிம்பில் உரசக் கூடாது, தராசு விளிம்புக்கும் வண்டிக்கும் நடுவில் இருக்கட்டும்.