தூத்துக்குடி மக்ரூன் வீட்டு ஓடிஜியில்: மேலே சிவக்கிறது, உள்ளே ஒட்டுகிறது

செல்வி_அடுப்படி கேட்டது:

சொந்த ஊர் தூத்துக்குடி, இப்போது இருப்பது திருவான்மியூர். கேக், குக்கீஸ், பன் எல்லாம் வீட்டு ஓடிஜியில் (மேசை மேல் வைக்கிற சின்ன மின்சார அடுப்பு) ஓரளவு கைவந்துவிட்டது. இந்தத் தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் அத்தை பொறுப்பு, என் பங்குக்கு ஒரு டின் மக்ரூன் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று. அதுதான் மக்கர் செய்கிறது.

நான் போடும் அளவு: 3 முட்டையின் வெள்ளைக்கரு, பொடித்த சீனி 180 கிராம், முந்திரி 150 கிராம். பீட்டரில் அடிக்கும்போது நுரை நன்றாகத்தான் எழும்புகிறது. பாத்திரத்தைக் கவிழ்த்துப் பிடித்தாலும் விழுவதில்லை. முந்திரித் தூளைப் போட்டுக் கிளறியதும் எல்லாம் தளர்ந்துவிடுகிறது. பட்டர் பேப்பரில் கூம்பாகப் பிழிந்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே அமர்ந்து மசால்வடை மாதிரி ஆகிவிடுகிறது. 150 டிகிரியில் 25 நிமிடம் வைக்கிறேன். மேலே சிவந்துவிடும், உள்ளே பிசுபிசுப்பு. அதைவிடக் கொடுமை, வெளியே எடுத்து ஆறுவதற்குள் மேல்தோலும் நமுத்துப்போகிறது.

இன்னும் இரண்டு சந்தேகம். வீட்டில் உடன்குடிக் கருப்பட்டி இருக்கிறது. சீனிக்குப் பதில் அதைப் போட்டு யாராவது மக்ரூன் செய்திருக்கிறீர்களா? அப்புறம், மிஞ்சுகிற மஞ்சள் கருவை என்ன செய்வது? ஆம்லெட் என்றாலே வீட்டில் எழுந்து ஓடுகிறார்கள்.

பெசன்ட்நகர்_பன்:

முத்துநகர் எக்ஸ்பிரஸ் தினமும் எழும்பூருக்கு வருகிறது. ஊரிலிருந்து வருகிற யாரிடமாவது அரைக் கிலோ சொல்லிவிடுங்கள். டின் உங்களுடையது, மக்ரூன் கடையுடையது, யாருக்குத் தெரியப்போகிறது!

கீழூர்_அண்ணாச்சி:

ரயிலில் வந்தால் பாதி தூளாகத்தான் இறங்கும், பரவாயில்லையா? வீட்டிலேயே செய்யலாம் தங்கச்சி. உங்கள் அளவில் குறை ஒன்றும் இல்லை. சூட்டில்தான் விஷயம்.

150 டிகிரி கேக்குக்கு. மக்ரூனை வேக வைக்கக் கூடாது, காய வைக்க வேண்டும். என் தாய்மாமா பேக்கரியில் வேலை பார்த்தவர். ரொட்டியும் பன்னும் வெந்து இறங்கிய பிறகு விறகு அடுப்பில் தணலை இழுத்து வெளியே தள்ளிவிடுவார்கள். மிச்சம் இருக்கிற சூட்டில்தான் மக்ரூன் தட்டுகள் உள்ளே போகும். மூடிவிட்டு வீட்டுக்குப் போனால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். அவ்வளவு நேரம் ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். கடையில் கிடைக்கிற சராசரி முட்டையில் வெள்ளைக்கரு 30 கிராம் இருக்கும். மூன்றுக்கு 90. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அதாவது 80 கிராம் அளவுக்கு. அது முழுக்க வெளியேறினால்தான் வாயில் போட்டதும் கரையும். 25 நிமிடத்தில் எப்படிப் போகும்? சூட்டைக் கூட்டினால் மேலே தோல் இறுகிச் சிவக்கும், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

அதனால் 100 டிகிரி, இரண்டு மணி நேரம். முதல் அரை மணிக்கு ஓடிஜி கதவில் ஒரு மரக்கரண்டியைச் செருகி இடுக்கு விடுங்கள், ஆவி போகட்டும். அப்புறம் அணைத்துவிட்டு உள்ளேயே ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். ஓடிஜியின் திருகில் இருக்கிற எண்ணை நம்பாதீர்கள். 100 என்று வைத்தால் 130 வரை ஏறி இறங்குகிற அடுப்புகள் நிறைய. உள்ளே வைக்கிற சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் கேக்குக்கும் உதவும். காய்ந்ததா என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பிழிந்தவுடன் தட்டோடு எடை போடுங்கள், காலையில் மறுபடியும் போடுங்கள். உங்கள் அளவுக்கு 70 கிராமாவது குறைந்திருக்க வேண்டும்.

இனி அந்த 'வடை' விஷயம். அண்டிப்பருப்பில், அதாவது முந்திரியில், பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய்தான். நுரைக்கு எண்ணெய் ஆகவே ஆகாது, ஒரு சொட்டு மஞ்சள் கரு விழுந்தாலே எழும்பாது என்பது உங்களுக்கே தெரியும். மிக்ஸியில் ஒரே மூச்சாக அரைத்தால் பருப்பு சூடாகி எண்ணெய் விடும். ஜாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். வறுக்காத பருப்பை ஃப்ரீசரில் அரை மணி வைத்து, அளந்து வைத்த சீனியிலிருந்தே இரண்டு கரண்டி எடுத்துச் சேர்த்து, விட்டு விட்டு ஓட்டுங்கள். ரவைப் பதம் போதும். மாவாக்க நினைத்தால் களியாகிவிடும். கையில் பிடித்தால் உருண்டையாகாமல் உதிர வேண்டும். அதைக் கடைசியில் மூன்று தடவையாகத் தூவி, தட்டைக் கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். வெள்ளைத் திட்டு ஒன்றிரண்டு தெரிந்தாலும் நிறுத்திவிடலாம். கிளறுகிற பேச்சே கூடாது.

பாத்திரம் எவர்சில்வர். பிளாஸ்டிக்கில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு போகாது, அலுமினியத்தில் கரு சாம்பல் நிறமாகிவிடும். எலுமிச்சை மூடியால் உள்பக்கம் துடைத்துவிட்டால் நல்லது. நுரை மெத்தென்று வந்த பிறகு சீனியைக் கரண்டி கரண்டியாகப் போட்டு அடியுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே எடுத்துத் தேய்த்தால் நறநறக்கக் கூடாது. கரையாத சீனிதான் பின்னால் பாகாகக் கசியும்.

கருப்பட்டி வேண்டாம். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் கேட்கவே வேண்டாம், மறுநாள் டின்னில் ஒரே கட்டியாக இருக்கும். அந்த மணம்தான் வேண்டும் என்றால் பனங்கற்கண்டு. கல் கல்லாக உறைந்தது என்பதால் சீனி மாதிரியே நடந்துகொள்ளும். நன்றாகப் பொடித்துச் சலித்து, சீனியில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாகப் போடுங்கள். நிறம் வெளிர் பழுப்பாக வரும். போலிக் கற்கண்டு என்றால் அது சீனிதானே, மக்ரூன் அருமையாக வரும், மணம்தான் வராது!

இப்போது பிஸ்தா மக்ரூன், சாக்லேட் மக்ரூன் என்று கண்ணாடிப் பெட்டியில் என்னென்னவோ வைக்கிறார்கள். எனக்கு அதில் நாட்டம் இல்லை. ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்ததை நம் கரையில் அண்டிப்பருப்பு போட்டு மாற்றினார்கள், அந்த அண்டி மரமும் போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்தது. அதற்கு மேல் அதில் மாற்ற என்ன இருக்கிறது? பனங்கற்கண்டு உங்களுக்காகச் சொன்னது.

மயிலை_மெரிங்கு:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. சென்னை மழைக்காலத்தில் சீனி கரைகிறவரை அடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடும். வெள்ளைக்கருவையும் சீனியையும் ஒரே பாத்திரத்தில் போட்டு, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் (அடி தண்ணீரில் படாமல்) வைத்துக் கைவிடாமல் கிளறுங்கள். தொட்டால் நல்ல சூடு, விரலில் நறநறப்பு இல்லை என்றதும் இறக்கி, ஆறுகிறவரை பீட்டரில் அடியுங்கள். சுவிஸ் மெரிங்கு என்பது இதுதான். நுரை அவ்வளவு சீக்கிரம் தளராது, முந்திரியையும் தாங்கும்.

கீழூர்_அண்ணாச்சி:

தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் கடித்தால் 'கடக்' என்று இருக்கும். எங்கள் ஊர் மக்ரூன் நாக்கில் வைத்தால் தானாக உதிர வேண்டும். கேக் மேலே வைக்க உங்கள் முறை, டின்னுக்கு என் முறை.

நல்லூர்_நளபாகம்:

மஞ்சள் கருவைக் கொட்டிப் போடாதேங்கோ தங்கச்சி. எங்கட யாழ்ப்பாணப் பக்கம் நத்தாருக்கு (கிறிஸ்மஸ்) லவ் கேக் அடிக்கிறவைக்கு மஞ்சள் கரு எவ்வளவு இருந்தாலும் காணாது, ஒரு பெரிய தட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு போகும். சின்னதாகச் செய்ய 6 மஞ்சள் கரு, சீனி 250 கிராம், பட்டர் 125, வறுத்த றவை 125, பொடியாக நறுக்கிய கஜு (முந்திரி) 150. றவையைச் சூட்டோடு பட்டரில் பிரட்டி ஊற விடவேணும். மஞ்சள் கருவையும் சீனியையும் வெளுக்கும்வரை அடித்து, எல்லாத்தையும் சேர்த்து, ஏலம், சாதிக்காய், தேசிக்காய் (எலுமிச்சை) தோல் துருவல், பன்னீர், ஒரு கரண்டி தேன். கடைசியாக இரண்டு வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துக் கலவுங்கோ. சீனிப்பாகில் பதப்படுத்தின நீற்றுப்பூசணி கிடைத்தால் அதையும் நறுக்கிப் போடலாம். 150 பாகையில் மேலே பொன்னிறம் வரும் வரை. இது நடுவில ஈரமாகத்தான் இருக்கவேணும், மக்ரூனுக்கு நேர் எதிர்.

ஆறு கரு சேரும்வரை வைத்திருக்க, மேலே கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கோ, இரண்டு நாள் தாங்கும். ஃப்ரீசரில் என்றால் கொஞ்சம் சீனி போட்டு அடித்துவிட்டு வைக்கவேணும், இல்லாட்டி களியாக இறுகிப் போகும்.

செல்வி_அடுப்படி:

அண்ணாச்சி, தெர்மாமீட்டர் வாங்கிவிட்டேன். நீங்கள் சொன்னபடியே என் ஓடிஜி 100-இல் வைத்தால் 125-க்கு ஏறுகிறது, அதனால் திருகை 80-க்குப் பக்கத்தில் வைத்தேன். கூம்பு அமரவே இல்லை! காலையில் எடை 74 கிராம் குறைந்திருந்தது. பெண் பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் கால்வாசித் தட்டு காலி. பனங்கற்கண்டு போட்டதை அத்தை மட்டும்தான் கண்டுபிடித்தார்.

இரண்டு குறை பாக்கி. பின்பக்கம் வலது மூலையில் இருந்தவை லேசாகச் சிவந்துவிட்டன. அப்புறம், டின்னைத் திறந்து திறந்து மூடினால் சாயங்காலம் மேலே இருக்கிறவை தொட்டால் ஒட்டுகின்றன. நளபாகம் அக்கா, லவ் கேக்குக்குக் கரு சேர்த்துக்கொண்டிருக்கிறேன், வாரக் கடைசியில் படம் போடுகிறேன்.

கீழூர்_அண்ணாச்சி:

ஒரு மணி நேரம் ஆனதும் தட்டை முன்பின்னாகத் திருப்பி வையுங்கள், மூலை சரியாகிவிடும். மேல் கம்பியை அணைத்துக் கீழ்க் கம்பி மட்டும் எரிய விட்டாலும் நல்லது. நமுத்ததை 90 டிகிரியில் அரை மணி போட்டு, அடுப்பிலேயே ஆற விட்டால் பழையபடி வந்துவிடும். பெரிய டின் ஒன்று வேண்டாம், சின்ன டப்பாக்களாகப் பிரித்து இறுக்க மூடி, அன்றன்றைக்கு ஒன்றைத் திறங்கள். பள்ளிக்கூடம் போகிறவள் கைக்கு எட்டாத தட்டில்.