தாத்தாக்களின் பட்டாளத்துக் காகிதங்களைப் படிக்கும் விதம்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

போருக்குப் போன நம் ஊர்க்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நினைவுக்கல் வைப்பதென்று முடிவானதிலிருந்து குழுவுக்குப் பழைய காகிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆர்டர், ஷீட் ரோல் (ஒரு ஆளின் பணிப் பதிவேடு) நகல், மெடல் படம் என்று பரணில் கிடந்ததெல்லாம் வெளியே வருகிறது. பார்க்கப் பார்க்க மனசு நிறைகிறது. ஆனால் கூடவே வரும் விளக்கங்களை அப்படியே கல்லில் வெட்டிவிட முடியாது. அப்படி வெட்டினால், உயிரோடு ஊர் திரும்பி, பென்ஷன் வாங்கி, பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சியவரைப் போரில் இறந்தவராகப் போட்டுவிடுவோம். உண்மையிலேயே இறந்தவர் விடுபட்டுப் போவார். பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து, இந்தச் சுருக்கெழுத்துகளோடே காலம் தள்ளியவன் நான். அதனால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் 'கேஷுவல்டி' விஷயம். மஸ்கட் மாமா அனுப்பிய ஷீட் ரோலில் ஒரு பக்கம் முழுக்கக் 'கேஷுவல்டி' என்று தலைப்புப் போட்டு வரிசையாகத் தேதிகள் இருக்கின்றன. தாத்தா இத்தனை தடவை குண்டடி பட்டாரா என்று வீட்டில் கலங்கிப் போயிருக்கிறார்கள். மாமா, கலங்க வேண்டாம். நம் ராணுவத்தில் ஒரு ஆளின் கணக்கில் எது மாறினாலும் அதற்குக் கேஷுவல்டி என்றுதான் பெயர். லீவில் போனது, லீவிலிருந்து திரும்பியது, கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, லான்ஸ் நாயக் ஆனது, வேறு கம்பெனிக்கு மாறியது எல்லாமே யூனிட் வெளியிடும் பார்ட் டூ ஆர்டரில் கேஷுவல்டியாக வரும். அதைப் பார்த்து ஷீட் ரோலில் ஏற்றுவார்கள். அடிபட்டதும் இறந்ததும் அந்த வரிசையிலேயே வரும் என்பதால் ஒவ்வொரு வரியையும் படித்தாக வேண்டும். நீங்கள் அனுப்பிய பக்கத்தில் பாதிக்கு மேல் லீவுக் கணக்கு. ஒரு வரி உங்கள் பெரியம்மா பிறந்த தேதி!

இதே மாதிரி பயமுறுத்துகிற இன்னும் இரண்டு உண்டு. எஸ்.ஓ.எஸ். என்று இருந்தால் அது ஆபத்துக்குக் கூப்பிட்ட குரல் இல்லை. 'ஸ்டிரக் ஆஃப் ஸ்ட்ரெங்த்', அதாவது அந்த யூனிட்டின் ஆள்கணக்கிலிருந்து பெயரை எடுத்தாயிற்று. மாற்றலாகிப் போனாலும் அதுதான், ஆஸ்பத்திரிக்குப் போய் நாளானாலும் அதுதான். புது இடத்தில் டி.ஓ.எஸ். என்று சேர்த்துக்கொள்வார்கள். அடுத்தது டி.ஓ.டி. இதை நம் ஆட்கள் இறந்த தேதி என்று எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் டி.ஓ.இ. என்று சேர்ந்த தேதி இருந்தால், டி.ஓ.டி. பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆன தேதி. எந்தக் கட்டத்தில், எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் எந்தச் சுருக்கத்துக்கும் அர்த்தம் சொல்லாதீர்கள். பாதித் தப்பு அங்கேயே தீர்ந்துவிடும்.

சரி, உண்மையான இழப்புக்கு வருவோம். கே.ஐ.ஏ. என்றால் எதிரி தாக்கி அங்கேயே உயிர் போனவர். டி.ஓ.டபிள்யூ. என்றால் காயப்பட்டு, பின்னால் ஆஸ்பத்திரியிலோ வழியிலோ இறந்தவர். ஜி.எஸ்.டபிள்யூ. என்பது துப்பாக்கிக் காயம். அதன் பக்கத்தில் எந்தக் கை, எந்தக் கால் என்றும் குறித்திருப்பார்கள். 'டைடு' (இறந்தார்) என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் நோய், இல்லையென்றால் விபத்து. 1914-18இல் மெசபடோமியாவுக்கு (இன்றைய இராக்) போனவர்களைக் குண்டைவிட வெயிலும் காலராவும் வயிற்றுப்போக்கும்தான் நிறைய வாட்டின. அங்கே காய்ச்சலில் செத்தவரை 'போரில் இறக்கவில்லை' என்று தள்ளிவிடக் கூடாது என்பது என் திடமான எண்ணம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமும் அப்படித் தள்ளுவதில்லை. 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையிலும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையிலும் பணியில் இருந்து எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் அவர்களுடைய கணக்கில் சேரும்.

சிங்கப்பூர் அக்கா கேட்ட 'மிஸ்ஸிங்' இன்னும் சிக்கலானது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது அங்கே இருந்தவர்கள் பலருக்கு முதலில் 'மிஸ்ஸிங்' என்றுதான் எழுதினார்கள். பிறகு தகவல் கிடைத்தால் பி.ஓ.டபிள்யூ. என்று போர்க்கைதி ஆக்கினார்கள். கிடைக்காதவர்களை 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்று முடித்தார்கள். அக்கா, உங்களிடம் இருப்பது முதல் காகிதம். அடுத்தது இல்லாமல் முடிவு சொல்ல முடியாது. கைதியானவர்களில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. போர் முடிந்ததும் கைதிகளை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். 'கிரே', 'பிளாக்' என்ற சொல் தென்பட்டால் அவர் நேதாஜி பக்கம் போனவராக இருக்கலாம். அதை மறைக்க வேண்டியதே இல்லை, அப்படியே அனுப்புங்கள்.

பதவிகளில் குழப்பம் குறைவு. சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார், அதற்கு மேல் ஜமேதார், சுபேதார், சுபேதார் மேஜர். 1965இல்தான் ஜமேதார் என்ற பெயர் நாயிப் சுபேதார் ஆனது. ஆகவே 'ஜெம்' என்று இருந்தால் காகிதம் அதற்கு முந்தியது. சாப்பர் படையில், அதாவது பொறியாளர் படையில், சிப்பாய்க்கு 'எஸ்.பி.ஆர்.' என்று சாப்பரைச் சுருக்கி எழுதுவார்கள். எஸ்.எம். என்பது மட்டும் இடத்துக்கு இடம் மாறும்: பெயருக்கு முன்னால் வந்தால் சுபேதார் மேஜர், பின்னால் வந்தால் சேனா மெடல். சேனா மெடல் ஏற்பட்டதே 1960இல்தான். பர்மாவில் சண்டை போட்ட தாத்தாவுக்கு அங்கேயே அது கிடைத்தது என்று யாரும் எழுத வேண்டாம். அதே மாதிரி 'வி.ஆர்.சி.' என்பது வீர் சக்ரா, விக்டோரியா கிராஸ் இல்லை.

மெடல்கள் இரண்டு ரகம். 1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இட்டலி ஸ்டார், வார் மெடல் எல்லாம் போர்க்காலத்தில் பணியாற்றியதற்கு. ஐ.டி.எஸ்.எம். (இந்தியன் டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் மெடல்), ஐ.ஓ.எம். (இந்தியன் ஆர்டர் ஆஃப் மெரிட்), எம்.எம். (மிலிட்டரி மெடல்), எம்.சி. (மிலிட்டரி கிராஸ்) எல்லாம் வீரச்செயலுக்கு. வீரச்செயலுக்கு மிக உயர்ந்த இடத்தில் உள்ளதற்கு நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் சுபேதார் சுப்ரமணியன், 1944இல் இட்டலியில் மிஞ்ஞானோ அருகே வெடிக்கவிருந்த கண்ணிவெடி மேல் தானே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டார். பெயருக்குப் பின்னால் ஜி.சி. என்று இரண்டே எழுத்து. ஜார்ஜ் கிராஸ். விவரம் தெரியாதவர் இனிஷியல் என்று கடந்துபோய்விடுவார்.

துபாய்த் தம்பி அனுப்பிய மெடல் படத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முகப்பை மட்டும் எடுத்திருக்கிறாய், தம்பி. வெள்ளி மெடலைக் கையில் எடுத்து விளிம்பைப் பார். முதல் போர் மெடல்களில் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படை எல்லாம் பொறித்திருக்கும். இரண்டாம் போரில் இந்தியாவில் கொடுத்தவற்றிலும் பொறித்தார்கள். விளிம்பில் '2 கியூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.' என்று இருந்தால் தயங்காமல் எழுது: மெட்ராஸ் சாப்பர்ஸ். மெட்ராஸ் என்ற சொல்லே அதில் இருக்காது, ஏனென்றால் அப்போது அந்தப் படைக்கு இரண்டாவது குயின் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்று பெயர். மெட்ராஸ் மறுபடி சேர்ந்தது 1923இல். துடைக்கிறேன் என்று பாலீஷ் போட்டுத் தேய்த்துவிடாதே, எழுத்து மழுங்கிவிடும்.

வெள்ளி இல்லாமல் வெண்கலத்தில் பிரிட்டிஷ் வார் மெடல் வந்திருந்தால் அது இன்னும் முக்கியம். சமையல், தண்ணீர் சுமப்பது, துப்புரவு, கூலிவேலை என்று போன 'ஃபாலோயர்'களுக்குக் கொடுத்தது அது. காலனிப் பெரியப்பா வீட்டில் அப்படி ஒன்று இருப்பதாகத் தெரிகிறது. துப்பாக்கி தூக்கவில்லை என்று அவர்கள் வீட்டிலேயே அதைப் பேசாமல் விட்டிருக்கிறார்கள். அந்தப் பெயரும் மற்றவர்கள் பெயரோடு ஒரே வரிசையில், ஒரே அளவு எழுத்தில் கல்லில் வர வேண்டும். இதைச் சங்கக் கூட்டத்திலும் சொல்லப் போகிறேன்.

நம் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளைக்காரன் பதித்த சலவைக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குப் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று எண்ணிக்கை மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. இராக்கிலுள்ள பஸ்ரா போர் நினைவகத்திலும் இந்தியச் சிப்பாய்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகத்தான் நிற்கிறார்கள். நாம் வைக்கிற கல் அப்படி ஆகக் கூடாது.

இனிமேல் ஸ்கேன் அனுப்பும்போது காகிதத்தின் இரண்டு பக்கமும் எடுங்கள். முக்கியமான குறிப்பு பின்பக்கம் பென்சிலில் இருக்கும். போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுகிறவர்கள் ஊர்ப்பெயரைப் பலவிதமான எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள். அவர்கள் காதில் விழுந்தபடி எழுதியது. மாவட்டத்துக்கு வட ஆற்காடு என்ற பழைய பெயரிலேயே தேடுங்கள், அப்பா பெயரும் சில பதிவுகளில் உண்டு. படை எண் கிடைத்துவிட்டால் மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டனிலும், சாப்பர்ஸுக்கு பெங்களூருவிலும் உள்ள ரெக்கார்ட் ஆபீசுக்கு வாரிசு பெயரில் எழுதலாம். கடிதம் நான் எழுதித் தருகிறேன். பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் பெரியவர்களிடம் கேட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.