பிஎச்பி: இரண்டு அரேக்களைச் சேர்த்தால் பாதி மதிப்புகளைக் காணோம்

கேள்வி:
வணக்கம். பிஎச்பி 8 நிரல்மொழியில் இரண்டு அரேக்களை (மதிப்புப் பட்டியல்களை) ஒன்றாக்கப் பார்க்கிறேன். எர்ரர், வார்னிங் எதுவும் இல்லை. ஆனால் விடை மட்டும் தப்பு.

$பழைய = [10, 20, 30];
$புதிய = [40, 50, 60, 70];
$மொத்தம் = $பழைய + $புதிய;

ஏழு மதிப்பு வர வேண்டும். பிரிண்ட் செய்தால் 10, 20, 30, 70 மட்டும்தான். 40, 50, 60 எங்கே போயின? 70 மட்டும் எப்படித் தப்பியது?

பதில்:
70 தப்பியதிலேயே விடை இருக்கிறது. அரேக்களுக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் பிஎச்பி கீயை (ஒவ்வொரு மதிப்புக்கும் உரிய அடையாளத்தை) மட்டும்தான் பார்க்கும். ஒரே கீ இரண்டு பக்கமும் இருந்தால் இடப்பக்க மதிப்பே நிற்கும். நீங்கள் கீ தராததால் அதுவே 0-இலிருந்து எண் போடும், அதனால் 0, 1, 2 இரண்டிலும் உண்டு. 3 வலப்பக்கம் மட்டும், அதனால் 70 உள்ளே வந்துவிட்டது.

அரே_மெர்ஜ்($பழைய, $புதிய) போடுங்கள், ஏழும் வரும். [...$பழைய, ...$புதிய] என்றாலும் அதே விடைதான், பிஎச்பி 7.4-இலிருந்து இது உண்டு.

கேட்டவர்:
வந்துவிட்டது, நன்றி. அப்புறம் இன்னொரு இடத்திலும் மெர்ஜ் போட்டேன், அங்கே வேறு தலைவலி. இதில் பயனர் எண்தான் கீ:

$பழைய = [101 => 'செயலில்', 205 => 'செயலில்'];
$புதிய = [205 => 'முடக்கம்', 310 => 'செயலில்'];

சேர்த்த பிறகு 101, 205 எதுவுமே இல்லை. 0, 1, 2, 3 என்று நான்கு வரிசை. '101' என்று மேற்கோளுக்குள் போட்டாலும் அப்படியேதான்.

பதில்:
மேற்கோள் உதவாது. '101' மாதிரி எழுத்துச் சரங்களைக் கீயாக வைக்கும்போதே பிஎச்பி முழு எண்ணாக மாற்றிவிடும். ('0101' என்றால் மாற்றாது. இது தனிக் கூத்து.) எண் கீ எதுவானாலும் மெர்ஜ் 0-இலிருந்து புதிதாக எண் போடும்.

இங்கே 205 இரண்டிலும் இருக்கிறதே, எது நிற்க வேண்டும்? பழையது என்றால் நீங்கள் முதலில் போட்ட அதே கூட்டல் குறி போதும். புதியது என்றால் அரே_ரீப்ளேஸ்($பழைய, $புதிய).

கேட்டவர்:
புதியதுதான். ரீப்ளேஸ் போட்டதும் 205 'முடக்கம்' ஆகிவிட்டது, 101-உம் 310-உம் தங்கள் எண்ணோடு இருக்கின்றன. முதலில் சொன்ன மெர்ஜ் ஒரு லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்குள்) ஓடுகிறது, பரவாயில்லையா?

இன்னொருவர்:
சின்ன லூப் என்றால் பரவாயில்லை. பெரியது என்றால் ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை சேர்ந்ததை எல்லாம் மறுபடி நகலெடுக்க வாய்ப்புண்டு. 1,000 சுற்று, சுற்றுக்கு 100 மதிப்பு என்றால் கடைசியில் இருப்பது 1 லட்சம், நகலெடுத்தது சுமார் 5 கோடி! உள்ளே $துண்டுகள்[] = $புதிய; என்று சேகரியுங்கள். லூப் முடிந்ததும் ஒரே முறை அரே_மெர்ஜ்(...$துண்டுகள்). $துண்டுகள் காலியாக இருந்தாலும் 7.4-க்குப் பிறகு வார்னிங் வராது, காலி அரே கிடைக்கும்.