விசாரணை முடியுமுன் வகுப்புத்தடை: பகிடிவதைக் குற்றச்சாட்டில் எது நியாயம்?

கனகராயன் எழுதியது:

வன்னியில் உள்ள பல்கலைக்கழகப் பீடமொன்றில், பகிடிவதை (ராகிங்) செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட இரண்டாம் வருட மாணவர்கள் சிலருக்கு வகுப்புத்தடை விதிக்கப்பட்டு ஒரு அரையாண்டு கழிந்துவிட்டது. புதுமுக மாணவன் ஒருவனை வாடகை அறையொன்றுக்கு அழைத்துச் சென்று, இரவு முழுவதும் நிற்கவைத்து அச்சுறுத்தினார்கள் என்பதே முறைப்பாடு. தடை பெற்றவர்களில் ஒருவன் என் உறவினரின் மகன் என்பதைச் சொல்லிவிட்டே எழுதுகிறேன்.

அவன் குற்றமற்றவன் என்று நான் வாதாடவில்லை. அந்த இரவில் அவன் என்ன செய்தான் என்பது எனக்குத் தெரியாது. அதைக் கண்டறிய வேண்டியவர்களும் இன்னும் கண்டறியவில்லை. இதுவரை குற்றப்பத்திரம் கொடுக்கப்படவில்லை. வீட்டுக்கு வந்த ஒரேயொரு கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. வயல் செய்யும் தகப்பன் அதை வாசிப்பிக்க ஆள் தேடி அலைந்தார். "மறு அறிவித்தல் வரை" என்பதைத் தவிர அதில் காலவரையறை எதுவும் இல்லை.

வகுப்புத்தடை என்றால் சில மாதங்கள் வீட்டில் இருப்பதுதானே என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். விரிவுரைகளுக்கு 80 சதவீத வரவு இல்லாத மாணவர் பொதுவாகப் பரீட்சைக்குத் தோற்ற இயலாது. பல பாடங்கள் வருடத்தில் ஒரு முறையே நடத்தப்படுவதால், மூன்று மாதத் தடைகூட ஒரு முழு வருடத்தைக் கொண்டுபோய்விடும். மறுபடி தோற்றும்போது எவ்வளவு சிறப்பாக எழுதினாலும் அநேக பல்கலைக்கழகங்களில் 'சி' தரத்துக்கு மேல் கிடைக்காது. உரிய காலத்துக்குள் படிப்பை முடிக்காததால், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற வகுப்புச் சித்தியும் எட்டாமல் போகிறது. மகாபொலப் புலமைப்பரிசில் பணமும் நின்றுவிடுகிறது. நாளைக்கே விசாரணை நடந்து அவன் குற்றமற்றவன் என்று தீர்ப்பானாலும், இவற்றில் எதையும் யாரும் திருப்பிக் கொடுக்க முடியாது. தீர்ப்புக்கு முன்பே அனுபவித்து முடிக்கப்படும் தண்டனையை எந்த நியாயத்தில் சேர்ப்பது என்று கேட்கவே இந்த விவாதத்தைத் தொடங்குகிறேன்.

செட்டிகுளத்தாள் எழுதியது:

வணக்கம் ஐயா. உறவை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. ஆனாலும் நீங்கள் எழுதிய முழுவதிலும் அந்தப் புதுமுக மாணவன் ஒரேயொரு வாக்கியத்தில்தான் வருகிறான். அவன் இப்போது எங்கே இருக்கிறான், வகுப்புக்குப் போகிறானா, அவனுடைய 80 சதவீதம் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை.

நான் படித்த காலத்தில் முறைப்பாடு கொடுத்த மாணவி ஒருத்தியுடன் ஒரே விடுதியில் இருந்தேன். முறைப்பாடு கொடுத்த அன்றிலிருந்து அவளுடன் சாப்பிட யாரும் உட்காரவில்லை. குறிப்புகள் கொடுக்கவில்லை, குழு வேலைகளில் சேர்க்கவில்லை. சாட்சி சொல்வதாக இருந்த மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் பின்வாங்கினார்கள். அவள் அந்த அரையாண்டுப் பரீட்சையை எழுதாமலே வீட்டுக்குப் போனாள். அவளுக்கு யாரும் வகுப்புத்தடை விதிக்கவில்லை, ஆனால் அவள் இழந்தது நீங்கள் கணக்குச் சொன்ன அதே ஒரு வருடம்தான்.

1975 இல் பேராதனையில் ஒரு மாணவி பகிடிவதைக்குத் தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்து உடல் செயலிழந்தார். 1997 இல் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ்ப் பொறியியல் மாணவன், கடுமையான உடற்பயிற்சி செய்விக்கப்பட்டுச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தான். 2020 இல் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் மாடிப்படியில் உருட்டிவிடப்பட்ட டயர் மோதி ஒரு மாணவனின் தலையில் படுகாயம் ஏற்பட்டது. "பிள்ளைகளின் எதிர்காலம்" என்ற பேச்சு இவை ஒவ்வொன்றுக்கும் பிறகு எழுந்தது, ஆனால் அது பெரும்பாலும் செய்தவர்களின் எதிர்காலத்தைப் பற்றியதாகவே இருந்தது.

குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் அதே விரிவுரை மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது எந்தச் சாட்சி வாய் திறப்பார்? முறைப்பாடு கிடைத்த அன்றே தடை விதிக்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. உண்மையில் வகுப்புத்தடை மட்டும் போதாது. பீடத்துக்கு வெளியே வாடகை அறைகளில் இருப்பவர்களை அந்தத் தடை தொடுவதே இல்லை. வகுப்பு இல்லாததால் அவர்களுக்கு நேரம்தான் கூடுகிறது, பஸ் தரிப்பிடத்திலும் சாப்பாட்டுக் கடையிலும் புதுமுக மாணவர்கள் அவர்களைத்தான் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது.

நெடுங்கேணிச் சட்டத்தரணி எழுதியது:

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாக வைக்கிறேன். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம், மாணவருக்கோ ஊழியருக்கோ உடற்காயம், உளக்காயம், மன வேதனை அல்லது அச்சம் விளைவிக்கும் அல்லது விளைவிக்கக்கூடிய எந்தச் செயலையும் பகிடிவதை என்கிறது. அதற்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கொடுங்காயமோ நேர்ந்தால் பத்து வருடம் வரை. ஒருவரை அறையொன்றில் அடைத்துவைத்ததாக நிரூபிக்கப்பட்டால் அது அதே சட்டத்தின் கீழ் வேறொரு குற்றமாகி, ஏழு வருடம் வரை போகலாம். ஆகவே கனகராயன் ஐயா விவரித்த சம்பவம் சிறிய விடயம் அல்ல.

ஆனால் அது நீதிமன்றத்தின் பாதை. பல்கலைக்கழகத்தின் ஒழுக்காற்று நடவடிக்கை வேறு பாதை, அங்கே இரண்டு விடயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விசாரணைக் காலத் தடை என்பது சாட்சிகளையும் முறைப்பாட்டாளரையும் பாதுகாக்கும் இடைக்கால ஏற்பாடு; தண்டனைத் தடை என்பது குற்றம் காணப்பட்ட பின்னர் வருவது. முதலாவதற்கு நிரூபணம் தேவையில்லை, நியாயமான சந்தேகமே போதும். அந்தக் காரணத்தினாலேயே அது குறுகியதாகவும், திகதி இடப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இடைக்கால ஏற்பாடு மாதக்கணக்கில் நீளும்போது, எதிர்த்தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்ற இயற்கை நீதி அங்கே மீறப்படுகிறது. பாதிக்கப்பட்டவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை (ரிட்) கோரலாம். அரசியலமைப்பின் 12(1) உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கும் போகலாம். அதற்கு ஒரு மாதமே அவகாசம் என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. கடிதம் ஆங்கிலத்தில் மட்டும் வந்தது என்பதையும் விட்டுவிடாதீர்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. ஒருவனுடைய படிப்பை நிறுத்தும் கடிதம் அவனுடைய வீட்டுக்கு விளங்கும் மொழியில் வர வேண்டும் என்பது சலுகையாகக் கேட்கப்படும் ஒன்றல்ல.

கனகராயன் எழுதியது:

சட்டத்தரணி ஐயாவுக்கு நன்றி. பிள்ளை, அந்த மாணவியைப் பற்றி எழுதியதை வாசித்துத் துயரப்பட்டேன். அவளுக்கு நடந்ததை நான் எந்த விதத்திலும் குறைத்துப் பேசவில்லை.

ஆனாலும் இந்த மண்ணின் நிலையை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய நான்கு மாவட்டங்களும் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களின் பட்டியலில் இருப்பவை. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை மட்டுமே தோற்றலாம். மூன்றாம் முறையில் அனுமதி பெற்று, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போன பிள்ளையை நீக்கினால், அவனுக்கு வேறு அரச பல்கலைக்கழகம் கிடையாது. தனியார் பட்டம் வாங்கக் கொழும்பில் சிலரால் முடியும். ஒட்டுசுட்டானில் யாரால் முடியும்? இன்றைய மாணவர்கள் 2009 இல் பதுங்குகுழியிலும், பிறகு முகாமிலும் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்கள். அவர்களிடம் உள்ள முரட்டுத்தனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. எழுத்துமூல எச்சரிக்கை, விடுதியிலிருந்து நீக்கம், ஒரு அரையாண்டுத் தடை, வகுப்புச் சித்தியை மறுத்தல் என்று படிப்படியாகப் போக இடமிருக்கும்போது, எடுத்தவுடன் வாழ்க்கையையே நிறுத்திவைப்பது ஏன்?

செட்டிகுளத்தாள் எழுதியது:

ஐயா, அந்தப் புதுமுக மாணவனும் இதே மாவட்டங்களில் ஒன்றிலிருந்து வந்தவன்தான். அவனும் பதுங்குகுழியில் இருந்தவன். அவனுடைய வீட்டிலும் அவன்தான் முதல் ஆள். வறுமையும் போரும் இருவருக்கும் பொதுவாக இருக்கும்போது, அவற்றை ஒருவனுக்கு மட்டும் சலுகையாக எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. போரில் பட்ட துன்பம் பிறரைத் துன்புறுத்துவதற்கான விளக்கமாக மாறினால், அதே துன்பத்தைப் பட்டும் யாரையும் தொடாமல் படித்து முடித்த ஆயிரக்கணக்கானவர்களை நாம் அவமதிக்கிறோம். நான் முள்ளிவாய்க்காலில் இருந்து மெனிக் பாம் முகாமுக்கு வந்த பிள்ளை. இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

நீங்கள் கூறும் படிப்படியான தண்டனை, பாடசாலைச் சீருடைபோல எல்லோருக்கும் ஒரே அளவில் தைக்கப்பட்டதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். வகுப்பில் கூச்சலிட்டவனுக்கும் பரீட்சையில் துண்டு வைத்திருந்தவனுக்கும் எச்சரிக்கையில் தொடங்கலாம். ஒருவனை இரவு முழுவதும் அறையில் அடைத்துவைத்தவனுக்கு முதற்படி எது? எச்சரிக்கைக் கடிதம் என்று நீங்கள் கூறினால், அடுத்த வருடம் அந்த அறைக்குள் போகப்போகும் பிள்ளையிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

பம்பைமடு எழுதியது:

மாணவர் ஆலோசகராகச் சில காலம் பணியாற்றிய விரிவுரையாளர் என்ற முறையில் எழுதுகிறேன். தாமதத்தைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லை. எனக்கு முழுப் பிரச்சினையும் அங்கேதான் இருப்பதாகப்படுகிறது.

விசாரணைக் குழுவில் இருப்பவர்கள் விரிவுரையாளர்களே. கற்பித்தலுக்கும் வினாத்தாள் திருத்தலுக்கும் இடையில்தான் அவர்கள் கூடுகிறார்கள். சாட்சியங்களைப் பதிவுசெய்வதில் பயிற்சி பெற்றவர்கள் அரிது. சிங்கள மாணவர், தமிழ் மாணவர் இருவரும் சம்பந்தப்பட்ட முறைப்பாடுகளில் வாக்குமூலங்களை மொழிபெயர்க்கவே வாரங்கள் போகும். அறிக்கை தயாரானாலும் இறுதி முடிவு பல்கலைக்கழகத்தின் ஆளும் சபையான பேரவைக்குப் போக வேண்டும். வவுனியா வளாகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த காலத்தில் அது யாழ்ப்பாணப் பேரவை. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்களுக்கு இன்றும் அப்படியே. 2021 ஆகஸ்ட் 1 முதல் வவுனியா தனிப் பல்கலைக்கழகமாகிச் சொந்தப் பேரவை பெற்றது. தூரம் குறைந்தால் தாமதமும் குறையும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு, ஆனால் குழு தன் அறிக்கையைக் கொடுக்காதவரை பேரவை அருகில் இருந்தும் பயனில்லை.

தாமதத்தால் குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒரு வருடத்தை இழக்கிறார். முறைப்பாட்டாளர் சாட்சிகளை இழக்கிறார். மூன்றாம் வாரத்தில் தெளிவாகப் பேசிய மாணவன் ஐந்தாம் மாதத்தில் "எனக்கு ஞாபகமில்லை, சேர்" என்று சொல்வதை நான் நேரில் கேட்டிருக்கிறேன். ஆகவே இடைக்காலத் தடை விதிக்கும் கடிதத்திலேயே விசாரணை முடிய வேண்டிய திகதியும் இடப்பட வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன். ஆறு வாரம் என்றால் ஆறு வாரம். அதற்குள் முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று துணைவேந்தருக்கு எழுத்தில் விளக்கமளித்த பின்னரே தடை நீட்டிக்கப்பட வேண்டும். ஏற்கெனவே அனுபவித்த தடைக்காலம் இறுதித் தண்டனையில் கழிக்கப்பட வேண்டும். வகுப்புத்தடை மட்டும் போதாது என்று சகோதரி சொல்வதும் சரியே; வளாகத்துக்கும் விடுதிக்கும் சேர்த்தே தடை விதிக்கப்பட வேண்டும்.

கனகராயன் எழுதியது:

ஐயா எழுதியதை முழுமையாக ஏற்கிறேன். பையனின் தகப்பனுக்காகப் பேரவைக்கு ஒரு முறையீடு தயாரிக்கிறேன். குற்றப்பத்திரத்தைத் தமிழில் தருமாறும், விசாரணைக்குத் திகதி குறிக்குமாறும், கழிந்த காலத்தைத் தண்டனையில் கழிக்குமாறும் மட்டுமே அதில் கேட்கப்போகிறேன். தடையை உடனே நீக்குமாறு கேட்கவில்லை. பிள்ளை, இதில் உமக்கும் உடன்பாடு இருக்கும் என்று நம்புகிறேன்.

செட்டிகுளத்தாள் எழுதியது:

முதல் இரண்டிலும் உடன்பாடு உண்டு ஐயா. மூன்றாவதில் பாதிதான். தாமதம் நிர்வாகத்தால் வந்ததென்றால் அந்தக் காலத்தைக் கழிக்கட்டும். சாட்சிகளை மிரட்டியதால் வந்ததென்று குழு கண்டால் ஒரு நாளும் கழிக்கக் கூடாது. அத்துடன் இன்னொரு கோரிக்கையையும் சேர்க்க வேண்டும்: விசாரணை முடியும்வரை முறைப்பாடு கொடுத்த மாணவன் தவறவிட்ட பரீட்சைகளை, மறுதேர்வாகக் கணக்கிடாமல் முதல் முறையாகவே எழுத அனுமதிக்க வேண்டும். 'சி' தர வரம்பு அவனைத் தொடக் கூடாது. குற்றஞ்சாட்டப்பட்டவனின் வீட்டிலிருந்து அந்தக் கோரிக்கை போனால் பேரவை அதைக் கவனிக்காமல் விடாது. அது இல்லாத முறையீட்டுக்கு என்னிடமிருந்து ஆதரவு எதிர்பார்க்க வேண்டாம்.